நான் போட்ட பதினாலு கால்

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குப் போகிற வழியில் வரிசையாக மீன் கடைகள் இருக்குமே, அதில் கடைசிக்கு முந்தின கடை. புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். மாதம்மா கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான் என் புத்தகத்தை வாங்கினார்.

வாணலியில் கெளுத்தி மீன் வெந்துகொண்டிருந்தது. மிளகாய்ப்பொடி வாடைக்கு எனக்கு இருமல் வந்தது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. அட்டையில் இருந்த தன் அப்பாவின் பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"ஏனுங்க சார், எங்கம்மா பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

"அம்மாவா? அவங்களும் நாடகத்துல இருந்தாங்களா?"

"இருந்தாங்களாவா?" மாதம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏழு எடத்துல பாடுவாங்களேங்க." ஒரு பக்கத்தைத் திருப்பி, பாட்டுக்கு மேலே நான் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்த 'கானடா' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இந்தா, இங்க எங்கப்பா கன்னடம்னு எழுதி வெச்சிருப்பாரு. இந்த எடம் வந்தா வேசங்கட்டுனவரு நிறுத்திக்குவாரு. திரைக்குப் பின்னாடி எங்கம்மா ஒக்காந்து கன்னடத்துல பாடுவாங்க. நீங்க என்னமோ கானடான்னு போட்டிருக்கீங்க."

"அது ராகத்தோட பேரும்மா."

"ராகமுங்களா? அப்படியொரு ராகம் எங்கப்பாவுக்குத் தெரியாதுங்களே."

சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டார். கருகுகிற நேரம் அது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக நான் எழுதியது, பேசியது, பட்டம் வாங்கியது எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

எப்போதும் ஒரு பயம்

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு பயம் இருந்துகிட்டே இருக்குமா?" இருக்கும் தாயே. பஸ் ஏறினால் டிக்கெட்டைத் தொலைத்துவிடுவேனோ என்று பயம். மேடை ஏறினால் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று பயம். ஆனால் எழுத்தில் பயந்ததில்லை. அங்கே மட்டும் நான் பெரிய சண்டியர். அதுதான் வினை.

என் தொழிலை யாருக்கும் ஒரு வாக்கியத்தில் புரியவைக்க முடிந்ததில்லை. பழைய நாடகங்களின் பாட்டு ஆராய்ச்சி. தர்மபுரியில் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது வங்கி அதிகாரி, "ஆர்மோனியம் வாசிப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பாடுவீங்களா?" சுமாராக என்றேன். "அப்ப என்னதான் சார் பண்ணுவீங்க?" என்றார். என் மாமனாரும் கடைசிவரை இதையேதான் கேட்டார்.

நான் ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வந்தவனும் இல்லை. ஆராய்ச்சிக்குப் பதிந்தபோது கீர்த்தனைகளை எல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாடகப் பாட்டு. சரி, கிடைத்ததைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வத்தல்மலையில் என்னை வனத்துறை ஆள் என்று நினைத்து ஒரு தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. மூன்றாம் நாள், என் டேப்பில் நானே பாடியதைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே திறந்தார்கள்.

அப்படி அலைந்ததில் பென்னாகரம் பக்கத்தில் கிடைத்ததுதான் 'அக்கரை மருமகள்' என்ற நாடகத்தின் கையெழுத்து நோட்டு. எழுதியவர் மாரியப்பன் வாத்தியார். காவேரிக்கு அந்தப் பக்கம் பிறந்த பெண் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வருகிற கதை. அவர் குழுவில் தாளம் போட்ட ஒருவரிடம் நோட்டு இருந்தது. வாத்தியார் செத்துப்போய்விட்டார், குடும்பம் எங்கேயோ போய்விட்டது என்று அவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. முன்னுரையில் 'வாரிசுகள் எவரும் இலர்' என்று கம்பீரமாக எழுதினேன்.

அந்த வாரிசு, என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்தது.

மூன்று எழுத்து

வாத்தியாரின் நோட்டில் புள்ளியே கிடையாது. அந்தக் காலத்து நாடக நோட்டுகள் பலவும் அப்படித்தான். மெய்யா உயிர்மெய்யா என்று படிக்கிறவன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஏழு இடங்களில் ஓரத்தில் சின்னதாக 'கனட' என்று எழுதியிருந்தார். மூன்றே எழுத்து.

பாட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறதே, ராகமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். கானடா என்று எழுத 'க'வுக்கு ஒரு துணைக்கால் வேண்டும், 'ட'வுக்கு ஒரு துணைக்கால் வேண்டும். ஏழு இடத்துக்கும் சேர்த்துப் பதினாலு கால். பதினாலையும் நானே போட்டேன். அடிக்குறிப்பில் 'எழுதியவரின் கவனக்குறைவு' என்று வேறு சேர்த்தேன்.

அதே நோட்டில் முகாரிக்குக் கால் இருக்கிறது. நாதநாமக்கிரியைக்கு இரண்டு கால் சுத்தமாக இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் கால் போட்ட மனிதர் இதற்கு மட்டும் ஏன் போடவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏழாவது இடத்தில் மட்டும் சுருக்காமல் 'கனனட' என்று இரண்டு 'ன' இருந்தது; புள்ளி வைத்தால் கன்னட. அதை 'முதுமையின் கை நடுக்கம்' என்று எழுதினேன். வாத்தியார் அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது என்று மாதம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் குறிக்குக் கீழே ஒவ்வொரு முறையும் இரண்டு வரி இடம் காலியாக விட்டிருந்தார். அது ஏன் என்றும் நான் யோசிக்கவில்லை.

இதை வைத்துத்தான் எல்லைப்புற நாடகங்களில் துயரத்துக்குக் கானடா பாடும் தனி மரபு இருந்தது என்று ஒரு அத்தியாயம் எழுதினேன். அந்த அத்தியாயம் எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கிக் கொடுத்தது. கருத்தரங்குகளில் 'கானடா சார்' என்றே கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இப்போது சேலத்து நாடகக் குழு ஒன்று அதே நாடகத்தை என் பதிப்பை வைத்து மேடையேற்றுகிறது. நான்தான் இசை ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம். போஸ்டரில் 'ஏழு கானடா' என்று என் படத்தோடு போட்டிருந்தார்கள். அந்தப் போஸ்டர் ஒகேனக்கல் பஸ் நிலையச் சுவரிலும் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த நம்பருக்கு மாதம்மா போன் செய்தார். "இது எங்கப்பா எழுதுன நாடகமுங்க" என்றார். அதனால்தான் புத்தகத்தையும் அழைப்பிதழையும் எடுத்துக்கொண்டு நான் புதன்கிழமை அங்கே போனேன்.

கிளம்பும்போது கேட்டேன். "அம்மா பேரு என்னம்மா?"

"கெம்பம்மாங்க. அந்தக் கரை. எங்கப்பா கட்டிக்கிட்டு வந்தாரு." பொட்டலத்தில் நான்கு துண்டு மீன் கட்டிக் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம வர்றனுங்க. எங்கம்மா பேரச் சொல்லுவீங்கல்ல?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். எப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கெம்பம்மாவின் பெயரைச் சொன்னால் கானடா போய்விடும்.

சவுக்கு

நான் எதற்கு அவ்வளவு பயந்தேன் என்றால், ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். பெயர் வேண்டாம். அவரும் என்னைப் போலப் புள்ளியில்லாத நோட்டைப் படித்தவர்தான். பாட்டு ஓரத்தில் 'சவுககம' என்று இருந்ததை அவர் சவுக்கு என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டைப் பாடும்போது வேஷக்காரர் கையில் சவுக்கு வைத்து அடிப்பது வழக்கம் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். அது சவுக்கம். மெதுவான காலத்தில் பாடு என்று அர்த்தம்.

நான் எழுந்தேன். மெதுவாக அவர் காதில் சொல்லியிருக்கலாம். இல்லை. மைக்கை வாங்கி, "ஐயா, மெதுவாப் பாடச் சொன்னதுக்கு ஆளையே அடிச்சுப் போட்டுட்டீங்களே" என்றேன். அரங்கம் மொத்தமும் சிரித்தது. டீ இடைவேளையிலும் சிரித்தார்கள். அவர் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. விடைத்தாள் திருத்துவதோடு சரி என்று கேள்விப்பட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதோடு விட்டேனா, வகுப்பில் அதை ஒரு ஜோக்காகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி.

இப்போது என் முறை. வியாழக்கிழமை பூராவும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இன்னொன்றைப் போட்டுவிட்டு, அதற்கு வேறு பயந்தேன். நோட்டின் ஜெராக்ஸை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏழு இடத்தையும் பார்த்தேன். ஒரே ஒரு கால் கிடைத்தால் போதும். ஒரு கறை, ஒரு கீறல், எதுவாக இருந்தாலும் அதைக் காலென்று சாதித்துவிடுவேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வாத்தியாரின் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கு எதுக்கு பூதக்கண்ணாடிய வெச்சுட்டு ஒக்காந்திருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு என்ன, அவளை யாரும் கானடா மேடம் என்று கூப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை

பென்னாகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். யாருக்குத் தெரியும்? மீன் கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணிக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? இப்படி நினைத்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் இளங்கோவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது.

"சார், போஸ்டர்லயே ஏழு கானடான்னு போட்டாச்சு. ஆர்மோனியக்காரரு மூணு மாசமா அதையேதான் வாசிச்சுப் பழகியிருக்காரு. விடுங்க சார். யாருக்குத் தெரியப் போவுது? ஒரு மீன் கடைக்கார அம்மாவுக்குத்தான?"

பஸ்ஸில் நான் நினைத்த அதே வார்த்தை. இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோது சுருக்கென்றது.

"அந்த அம்மாவோட அம்மா பாடுன எடம் இளங்கோ அது. இருபது வருஷமா அவங்கள நான் அழிச்சு வெச்சிருக்கேன்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மருமகளாக நடிக்கிற ரூபா எங்களைப் பார்த்து வந்தது. பக்கத்து ஊரில் நர்சரிப் பள்ளி டீச்சர், நல்ல குரல், மூன்று மாதமாக நான்தான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

"சார், கன்னடத்துலயா பாடோணும்? எங்க வூட்ல கன்னடந்தாங்க பேசுவோம்."

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கலீங்களே." ரூபா தயங்கியது. "உன் தமிழ்ல கன்னட வாடை அடிக்குதுன்னு மொத நாளே சொன்னீங்க. தெரிஞ்சா வேற ஆளப் போட்ருவீங்களோன்னு பயந்துட்டுச் சொல்லலீங்க."

நான் என் ராகத்துக்காகப் பயந்தது மூன்று நாள்; இந்தப் பெண் மூன்று மாதமாக எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறது.

மாதம்மாவுக்குப் போன் போட்டு, அம்மா பாடிய வரி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் வாணலிச் சத்தம் கேட்டது. "இல்லீங்க சார். ஒவ்வொரு ஊர்லயும் வேற வேற பாடுவாங்க. அன்னைக்கு மனசுல என்ன இருக்குதோ அதத்தான். அதனாலதான் எங்கப்பா எழுதலீங்க, எடம் மட்டும் விட்டு வெப்பாரு."

காலி இடத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நான் அதைச் சொன்னதும் ரூபா, "அப்ப நானும் மனசுல வர்றதப் பாடறனுங்க" என்றது. இளங்கோ தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஆர்மோனியக்காரருக்காகப் பாட்டுகள் எல்லாம் பழகினபடியே இருக்கட்டும். அந்த ஏழு இடத்திலும் பாட்டுக்கு முன்னால் வாத்தியம் நிற்க வேண்டும், ரூபா கன்னடத்தில் பாட வேண்டும். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் நான் மேடையேறி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை இளங்கோ கேட்கவில்லை. நானாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை

மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மாதம்மா, வியாபாரம் அதிகமாக நடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் கடையைச் சாத்திவிட்டு வந்து, முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசையில் என் துறைக்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், நான் மைக்கைப் பிடித்ததும் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் போகப்போகிறதோ என்று நினைத்தேன்.

எழுதி வைத்திருந்த காகிதத்தைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். வாய்க்கு வந்தபடி சொன்னேன். "இந்த நாடகத்தப் பத்தி நான் எழுதுன புத்தகத்துல ஏழு எடத்துல கானடான்னு போட்டிருக்கேன். அது தப்பு. வாத்தியார் எழுதுனது கன்னடம். அந்த ஏழு எடத்துலயும் பாடுனவங்க அவரோட மனைவி கெம்பம்மா. வாத்தியார் மேல தப்புன்னு நான் எழுதுனதும் தப்பு. படிக்கத் தெரியாம இருந்தவன் நான்தான்."

சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சரிங்க சார், நாடகத்த ஆரம்பிங்க, பஸ்ஸுக்குப் போவோணும்" என்றார். அவ்வளவுதான். இருபது வருஷத்துக் கானடா அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இறங்கி வந்து மாதம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டை நனைந்திருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

நாடகம் தொடங்கியது. மாமியார் ஏசிவிட்டுப் போகிற முதல் கட்டம். ஆர்மோனியம் நின்றது. ரூபா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அடிக்குரலில் கன்னடத்தில் எடுத்தது. நாலைந்து வரி இருக்கும். எந்த ராகமென்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் வரிக்குப் பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்கு ஒருத்தி பதில் சொன்னாள். மூன்றாவது வரிக்கு மண்டபமே அடங்கிவிட்டது. பஸ்ஸுக்குப் போக வேண்டிய பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எல்லாருக்கும் என்னவோ ஆகியிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. குனிந்து கேட்டேன். "என்னம்மா பாடுது?"

மாதம்மா கண்ணைத் துடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், உங்களுக்குக் கன்னடம் தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா."

அவர் குரலில் கோபம் துளிக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"அப்புறம் எப்படீங்க எங்கப்பா நாடகத்தப் பத்திப் புஸ்தகம் எழுதுனீங்க?"

மேடையில் ஆர்மோனியம் அடுத்த பாட்டை எடுத்துவிட்டது. இன்னும் ஆறு இடம் பாக்கி இருந்தது.